மஞ்சக்குப்பம் கோர்ட்டும் நம்ம தமிழ் வகுப்பும்

போன மாசம் மஞ்சக்குப்பத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பொண்ணு பத்தாவது படிக்கிறாள். பொதுத்தேர்வு நெருங்குது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டப் புத்தகம். அதில் ஜெயகாந்தனைப் பற்றி "ஜெயகாந்தம்" என்று ஒரு பாடம் உண்டு. அதைத்தான் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இவரு நம்ம ஊராமே?"

"ஆமா. மஞ்சக்குப்பந்தான். 1934-ல இங்கதான் பொறந்தாரு."

"எந்த ஸ்கூல்ல படிச்சாரு?"

"அஞ்சாவதோட நின்னுட்டாரு."

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேட்டாள்: "அப்போ எழுத யாருக்கா சொல்லிக் கொடுத்தா?"

எனக்குச் சட்டென்று பதில் வரலை. நான் பன்னிரண்டாவதில் தமிழில் 200-க்கு 188 வாங்கினவள். செய்யுளை அடிமாறாமல் எழுதுவேன். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை போட்டு "நூலகத்தின் பயன்" பற்றி மூன்று பக்கம் எழுதுவேன். ஆனால் எங்கள் தாத்தா இறந்தபோது, நினைவஞ்சலிக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று அப்பா கேட்டார். ராத்திரி முழுக்க உட்கார்ந்தும் என்னால் எழுத முடியலை. வந்த வாக்கியம் எல்லாம் யாரோ எழுதிய வாக்கியமாகவே வந்தது.

அதனால் அவள் கேள்வி எனக்கும் உரிய கேள்விதான். பள்ளிக்கூடத்தில் பழைய இலக்கியம் படிக்கிறோம். கட்டுரை எழுதுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே அறுந்து போகுது? இதற்குப் பதில் தேடிப் போனால், சித்தி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த ஒரு வழக்கில் போய் நிற்கிறது. வருஷம் 1869. இன்றைய எபிசோடு அதைப் பற்றித்தான்.

ஒரு ஊர், ஒரு வழக்கு

மஞ்சக்குப்பம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலூரின் ஒரு பகுதி இது. பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690-ல் வாங்கினார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, ஆங்கிலேயர்களுக்குச் சில வருஷம் இதுதான் தலைமையிடம். பிற்காலத்தில் தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரம் கடலூர் ஆனது. அலுவலகங்களும் நீதிமன்றமும் மஞ்சக்குப்பத்தில் அமைந்தன. சிதம்பரம் அந்த மாவட்டத்துக்குள் இருந்ததால், சிதம்பரத்துச் சண்டை முற்றினால் சுமார் 45 கிலோமீட்டர் தாண்டி மஞ்சக்குப்பத்துக்குத்தான் வரணும்.

அப்படி 1869-ல் வந்த வழக்கில் ஒரு பக்கம் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். எதிர்ப்பக்கம் சிதம்பரம் கோயில் தீட்சிதர் தரப்பினர். அவர்களோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் இராமலிங்க அடிகள், நம்ம வள்ளலார். சிதம்பரம் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில் தன்னைப் பழித்துப் பேசினார்கள் என்பது நாவலரின் புகார்.

இந்த வழக்கைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வள்ளலார் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்றாராம். நீதிபதி ஏன் என்று கேட்க, பெரியவர்கள் வந்தால் எழுவது எங்கள் வழக்கம் என்று பதில் வந்ததாம். அவ்வளவுதான், வழக்குத் தள்ளுபடி.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்களையும் மறுப்பு நூல்களையும் தேடித் தொகுத்த ப. சரவணன் போன்ற ஆய்வாளர்களின் வேலையைப் படித்தால், நடந்தது இவ்வளவு எளிமையானது இல்லை என்று தெரியும். அங்கே விசாரிக்கப்பட்டது அவதூறு. யார் என்ன பேசினார்கள் என்பதுதான் கோர்ட்டின் கேள்வி. வள்ளலார் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை, அவர் விடுவிக்கப்பட்டார். அந்த அவதூறுக்குப் பின்னால் இருந்த உண்மையான கேள்வியை எந்த நீதிபதியும் தீர்த்து வைக்க முடியாது. எழுதப்பட்டதில் எது புனிதப் பட்டியலில் சேரும், எது சேராது, அதை யார் முடிவு செய்வது? அதுதான் அந்தக் கேள்வி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு பாடநூல் குழுவின் முன்னாலும் வந்து நிற்கிற கேள்வி இதேதான்.

சண்டை ஒரு பெயரைப் பற்றியது

1867-ல் வள்ளலாரின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். அச்சிட வள்ளலாரைச் சம்மதிக்க வைக்கவே இறுக்கம் இரத்தின முதலியார் போன்ற அன்பர்கள் படாதபாடு பட்டார்கள். தன் பெயரோடு "சாமி" என்று போடுவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, வேண்டாம் என்கிற மாதிரி வள்ளலார் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் தொகுத்தவர்கள் நூலுக்கு வைத்த பெயர் "திருவருட்பா". அதன் பகுதிகளுக்கு வைத்த பெயர் "திருமுறை".

இங்கேதான் நாவலருக்குக் கோபம் வந்தது. சைவ மரபில் அருட்பா என்றால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். கோயிலில் இன்றும் வரிசையாகப் பாடுகிற ஐந்து. திருமுறை என்றால் பன்னிரண்டு. நேற்று எழுதிய ஒருவரின் பாட்டுக்கு அந்தப் பெயரை எப்படி வைக்கலாம்? 1869-ல் "போலியருட்பா மறுப்பு" வெளிவந்தது. வள்ளலார் பக்கத்திலிருந்து மறுப்புக்கு மறுப்பு வந்தது. அருட்பாவா, மருட்பாவா என்று அச்சுக்கூடங்கள் ஓயாமல் ஓடின.

நாவலரை இதில் வில்லனாக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். மிஷனரிகளின் பலம் எதில் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், வகுப்புவாரியான பாடப்புத்தகம். இந்த மூன்றையும் சைவப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1864-ல் அதே பெயரில் சிதம்பரத்தில் ஒன்று. சிதம்பரம் பள்ளி இன்று அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது.

அதற்கு முன் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று வாய்ப்பாடமாகவே படித்தார்கள். நாவலர் "பாலபாடம்" என்று படிப்படியாகக் கடினமாகும் உரைநடை வாசகங்களை எழுதினார். இலக்கணத்தைக் கேள்வி பதிலாக "இலக்கண வினாவிடை" என்று எழுதினார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி போன்றவற்றைத் தமிழ் உரைநடையில் பரவலாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. வகுப்பில் நாம் ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே அவர் இருக்கிறார்.

அதனால் பட்டியல் என்பது அவருக்கு வெறும் பிடிவாதம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தை, ஒரு சமூகத்தின் கல்வியை அந்தப் பட்டியலின் மேல் கட்டிக்கொண்டிருந்தார். அஸ்திவாரத்தில் யாரோ கை வைக்கிற மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கும்.

வள்ளலார் பக்கமும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்தவர், நாவலரைவிட ஒரு வயது இளையவர். 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதோடு, சாதாரண ஜனங்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார். "சன்மார்க்க போதினி" என்ற பாடசாலையில் தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இன்னொன்று. 1852-ல் நாவலர் பெரியபுராணத்தை எளிய உரைநடையில் கொண்டுவந்தார். 1854-ல் வள்ளலார், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்த சோழனின் கதையை "மனுமுறைகண்ட வாசகம்" என்று உரைநடையில் எழுதினார். அந்தக் கதையும் பெரியபுராணத்தில் வருவதுதான். பதினைந்து வருஷம் கழித்து கோர்ட்டில் எதிரெதிரே வரப்போகிற இரண்டு பேர், ஒரே பழைய நூலை எடுத்து, ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். செய்யுளாக இருந்ததைப் படித்தவுடன் புரிகிற வாக்கியமாக மாற்றினார்கள். பழைய இலக்கியத்தைப் படிப்பதும் புதிதாக எழுதுவதும் அவர்களுக்குத் தனித்தனி பேப்பராக இருக்கவில்லை.

பட்டியல் எப்போதாவது மூடியிருந்ததா?

ஒரு நிமிஷம் சிதம்பரத்துக்குள்ளேயே போவோம். அந்தத் திருமுறைப் பட்டியல் எப்படி வந்தது? மரபு சொல்கிற கதை இது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறையில் கிடக்கின்றன. பாடிய மூவரும் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்கிறார்கள் தீட்சிதர்கள். சோழ மன்னன் அந்த மூவரின் திருவுருவங்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே பெரும்பகுதி கரையான் அரித்துவிட்டது. மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுக்கிறார்.

அது வரலாறா, கதையா என்பது இப்போதைக்கு இருக்கட்டும். கதை ஒன்றை ஒப்புக்கொள்கிறது. பட்டியல் என்பது எஞ்சியதை வைத்து யாரோ செய்தது. அதற்குப் பிறகு, 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பெரியபுராணத்தை எழுதி அதே சிதம்பரத்தில் அரங்கேற்றினார் என்கிறது மரபு. அது பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்ந்தது. நாவலர் காத்து நின்ற பட்டியலின் கடைசி நூல், ஒரு காலத்தில் புது நூலாக உள்ளே வந்தது.

இன்னும் இருக்கு. நாம் இன்று "செம்மொழி இலக்கியம்" என்றதும் முதலில் சொல்வது சங்கப் பாடல்களை. 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நின்ற யார் கையிலும் புறநானூறு அச்சுப் புத்தகமாக இல்லை. அதை உ.வே. சாமிநாதையர் அச்சிட்டது 1894-ல். அதற்கு வித்து 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் விழுந்தது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த அவரிடம், சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாக அடுக்க, முதலியார் அசரவே இல்லை. இவற்றுக்கும் பழைய நூல்கள் எதையாவது படித்தது உண்டா, சீவகசிந்தாமணி தெரியுமா என்று விசாரித்தார். நன்றாகப் படித்த ஒருவரின் பாடத்திட்டத்தையே ஒரு கேள்வி ஆட்டிவிட்டது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதே உ.வே.சா. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். பட்டியல் மறுபடி திறந்தது, சிதம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது.

பரீட்சையை விட்ட ஒரு மாணவர்

வழக்கு முடிந்தது. வள்ளலார் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் பிறகு வெளியே வரவில்லை. நாவலர் 1879-ல் காலமானார். ஆனால் சண்டை அவர்களோடு போகலை. அது சென்னைக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்புக்குள்ளேயே நுழைந்தது.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை. நாவலர் மரபில் வந்தவர், அருட்பாவைக் கடுமையாக எதிர்த்தவர். எதிரணியில் மறைமலையடிகள் இருந்தார். செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியப் புலவரும் வள்ளலார் பாடல்களுக்காக மேடை மேடையாகப் பேசினார். விவகாரம் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது.

கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் தன் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனார். 1904-ல் அதனாலேயே அவரால் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. அந்த மாணவர்தான் திரு.வி.க.

பிறகு என்ன ஆனார்? அதே வெஸ்லியில் தமிழாசிரியராக வேலை பார்த்தார். 1917-ல் "தேசபக்தன்", 1920-ல் "நவசக்தி". தமிழ்ப் பத்திரிகையில் அரசியலையும் தொழிலாளர் பிரச்சினையையும் நல்ல தமிழில் எழுத முடியும் என்று நாள்தோறும் நிரூபித்தார். அதைவிட முக்கியம், வள்ளலாரை எதிர்த்த அணிக்காகப் பரீட்சையையே இழந்தவர், பின்னாளில் "இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்" என்று வள்ளலாரைப் போற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆசிரியரை மறந்துவிடவில்லை, அவருடைய வரலாற்றையும் எழுதியிருக்கிறார். ஆனால் கருத்தை மாற்றிக்கொண்டார். படித்து, வாதாடி, பக்கம் எடுத்து, பிறகு அந்தப் பக்கத்தையே மறுபரிசீலனை செய்து எழுதினார். ஒரு தமிழ் வகுப்பு ஒருவருக்கு இதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும்? விலை ஒரு பரீட்சை, அது வேறு விஷயம்.

நமக்குக் கிடைத்த வகுப்பு

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. அன்றிலிருந்து தேர்வில் என்ன கேட்கிறார்களோ அதுதான் வகுப்பு என்று மெல்ல மெல்ல ஆனது. என் காலத்தில் தமிழுக்கு இரண்டு தாள். முதல் தாளில் செய்யுளும் உரைநடையும். இரண்டாம் தாளில் துணைப்பாடம், மொழிப்பயிற்சி, கட்டுரை. பழைய இலக்கியம் ஒரு நாள், எழுத்து மறுநாள். சமீபத்தில் இரண்டையும் ஒரே தாளாக ஆக்கினார்கள். புதுப் புத்தகங்களும் முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது. சங்கப் பாட்டுப் பக்கத்திலேயே நவீன கவிதை, சிறுகதை எல்லாம் இருக்கு. ஆனாலும் என் தங்கச்சி ஜெயகாந்தனைக் கேள்வி பதிலாகத்தான் மனப்பாடம் செய்கிறாள்.

பிரச்சினை மனப்பாடத்தில் என்று நான் நினைக்கலை. நாவலரும் வள்ளலாரும் நினைவில் வைத்திருந்த பாட்டுகளை நம்மால் எண்ணவே முடியாது. சிறு வயதில் மனசில் ஏறிய பாட்டு ஆயுசுக்கும் கூட வரும், எனக்கும் வருது. பிரச்சினை, எல்லாக் கேள்விக்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது என்பதில். "வள்ளலாரின் உயிரிரக்கத்தை விளக்குக" என்றால் விளக்கலாம். வள்ளலார் பாட்டை ஒரு பெரிய அறிஞர் ஏன் ஏற்க மறுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. பாடநூலில் எல்லோரும் அடுத்தடுத்த பக்கத்தில் சண்டையே போடாதவர்கள் மாதிரி சமாதானமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை இல்லாத இடத்தில் நாம் சொல்வதற்கு என்ன இருக்கு? சொல்ல ஒன்றும் இல்லாதவர் எழுதினால், யாரோ எழுதிய வாக்கியம்தான் வரும்.

ஜெயகாந்தனுக்கு வருவோம். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர், சின்ன வயதிலேயே சென்னைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். கட்சி அச்சகத்தில் வேலை, புரூஃப் பார்ப்பது, சுற்றிலும் எந்நேரமும் வாதம். அதுதான் அவர் வகுப்பு. 1966-ல் "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. ஏமாற்றப்பட்ட மகளைத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிற ஒரு தாயின் கதை. தமிழ்நாடே இரண்டுபட்டது. அவர் அந்த எதிர்ப்பையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். சரி, அந்தத் தாய் ஏற்றுக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? அதுதான் "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவல். 1972-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது. பின்னாளில் அவருக்கு ஞானபீடமும் வந்தது.

கடலூர்க்காரர் இன்னொருவரும் இருக்கார். புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய "துன்பக்கேணி", "பொன்னகரம்" கதைகள் சில வருஷங்களுக்கு முன் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட மக்களை அவை சித்திரிக்கிற விதம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் காயப்படுத்தும் என்பது ஒரு தரப்பு. அந்தக் கொடுமையைத்தான் அவர் காட்டினார் என்பது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கு. ஆனால் கதையை எடுத்துவிட்டால், இரண்டு நியாயத்தையும் மாணவர்கள் எழுதிப் பார்க்கிற வாய்ப்பும் கூடவே போய்விடுகிறது. 1869-ல் கேட்ட அதே கேள்வி இன்னும் நடக்குது. யார் உள்ளே, யார் வெளியே, யார் முடிவு செய்வது?

தங்கச்சியின் அரைப் பக்கம்

அன்றைக்கு ராத்திரி இந்த வழக்கின் கதையைத் தங்கச்சியிடம் சொன்னேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில் அவள் கேட்டது: "இத ஏன்கா புக்ல போடல? இது நல்லா இருக்கே."

"நீ எழுதேன். யார் பக்கம் நியாயம்னு அரைப் பக்கம் எழுது. மார்க் கிடையாது."

நான் எதிர்பார்த்தது வள்ளலார் பக்கம். எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்கு வடலூர் போகிற பழக்கம் உண்டு. வேறு மாதிரி எழுதுவாள் என்று நினைக்கவே இல்லை. மறுநாள் காலையில் ரஃப் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நாவலர் பக்கம் எழுதியிருந்தாள்.

அவள் வாதம் இது. ஒரு பட்டியலில் பிடித்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் அது பட்டியலே இல்லை. என் தமிழ்ப் புத்தகம் இவ்வளவு தடியாக இருப்பதற்கு அதுதான் காரணம். வள்ளலார் பாட்டு நல்ல பாட்டு, அதற்கு ஏன் இன்னொருவருடைய பெயர் வேண்டும்? தனிப் பெயர் வைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது. ஆனால் கேஸ் போட்டது தப்பு, பதில் எழுதினால் போதும்.

முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, ஒரு ஒற்று விடுபட்டிருந்தது. எனக்கு அவள் வாதத்தில் உடன்பாடும் இல்லை. பெயரைக் கடன் வாங்கித்தான் புதியது எதுவும் உள்ளே வருகிறது, பெரியபுராணமும் அப்படித்தான் வந்தது என்று சொன்னேன். உடனே, "இல்லக்கா, அது வேற, இது வேற" என்று ஆரம்பித்தாள். சித்தி சமையலறையிலிருந்து, "பரீட்சைய வச்சுக்கிட்டு என்னடி பேச்சு அங்க?" என்று சத்தம் போட்டார்.

சித்தி சொல்வதும் சரிதான். பரீட்சை இருக்கு, மார்க் வேணும், அந்த மார்க்கை வைத்துத்தான் அடுத்த வகுப்பு. அதனால் உங்கள் வீட்டில் யாராவது பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தால், மனப்பாடத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு பாடத்துக்கு ஒரு தடவையாவது, அந்த நூலை அந்தக் காலத்தில் யார் எதிர்த்தார்கள் என்று கேளுங்க. எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்க. நீங்களும் எழுதிப் பாருங்க.

நானும் எழுதினேன். தாத்தாவைப் பற்றி. அவரோடு எனக்கு இருந்த ஒரு சண்டையிலிருந்து ஆரம்பித்தேன். நாலு வரியில் நிற்கலை, இரண்டு பக்கம் வந்தது. அப்பாவிடம் இன்னும் காட்டலை.

அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.